ஹைட்ராலிக்ஸ் லேபும் 0.62 என்ற எண்ணும்

சிவில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் ஹைட்ராலிக்ஸ் லேபுக்குள் கால் வைப்பதற்கு முன்பே அவர்கள் கையில் விடை இருக்கிறது. கணக்குப்படி வர வேண்டிய தண்ணீரில் உண்மையில் எவ்வளவு பங்கு வருகிறது என்று சொல்லும் கோஎஃபிஷியண்ட் அது: ஆரிபிஸ் (தொட்டிச் சுவரில் போட்ட துளை) என்றால் 0.62, வெஞ்சுரிமீட்டர் (நடுவில் குறுகும் குழாய்) என்றால் 0.97, வி-நாட்ச் (முக்கோண வெட்டுள்ள தகடு) என்றால் 0.6 பக்கம். சீனியர் கொடுத்துவிட்டுப் போன ரெக்கார்டு நோட்டில் இருக்கும், வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும், வைவாவில் கேட்பார்கள் என்று மனப்பாடமும் ஆகியிருக்கும். பிறகு மோட்டாரைப் போட்டு, வால்வைத் திறந்து, ரீடிங் எடுத்து, கால்குலேட்டரைத் தட்டி 0.71 என்று வந்துவிட்டால் முகம் வாடிவிடுகிறது. "சார், வேல்யூ வரல சார்" என்று வருவார்கள். இன்னும் சிலர் என்னிடம் வரவே மாட்டார்கள், ஸ்டாப்வாட்ச் காட்டிய 31 விநாடி அப்சர்வேஷன் நோட்டில் 35 ஆகிவிடும், 0.71 பதவிசாக 0.63 ஆகிவிடும், கையெழுத்தும் விழுந்துவிடும்.

நான் இந்த லேபைப் பல வருடமாக எடுத்து வருகிறேன். அந்த 31 எப்போது 35 ஆகிறதோ அப்போதே லேப் முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு நடப்பது எழுத்துப் பயிற்சிதான். இது பிள்ளைகளின் தப்பு என்று நான் சொல்லவில்லை, சரியான எண் வந்தால் பத்துக்குப் பத்து, வராவிட்டால் "ரிப்பீட்" என்று மார்க் போடுகிற நம் வழக்கம்தான் அவர்களை அப்படிப் பழக்குகிறது. ஆனால் 0.71 என்ற அந்த ரீடிங்கில் இருக்கிற பாடம் 0.62இல் இல்லை. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் 0.62 எங்கிருந்து வருகிறது? ஒரு தொட்டியின் பக்கச் சுவரில் 2 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை, அதற்கு மேல் 1 மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லி சொன்னபடி தண்ணீர் விநாடிக்கு 4.43 மீட்டர் வேகத்தில் வெளியே வர வேண்டும். துளையின் பரப்பால் பெருக்கினால் விநாடிக்கு 1.39 லிட்டர். பிடித்து அளந்தால் 0.86 லிட்டர்தான் கிடைக்கும். மீதி எங்கே போனது? "உராய்வில் போச்சு சார்" என்றுதான் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வார்கள். உராய்வால் வேகத்தில் குறைவது வெறும் இரண்டு மூன்று சதவீதம். மற்றதெல்லாம் வடிவத்தால் வருவது. தொட்டிச் சுவரை ஒட்டி ஓடி வருகிற தண்ணீர் துளையின் கூர்மையான விளிம்பில் சட்டென்று 90 டிகிரி திரும்ப முடியாது, அது உள்நோக்கி வளைந்துதான் வரும். அதனால் வெளியே வந்த தாரை துளையைவிட ஒல்லியாகிறது, துளையிலிருந்து சுமார் பாதி விட்டம் தள்ளி ரொம்பவும் மெலிந்துவிடுகிறது. அந்த இடத்தில் அதன் பரப்பு துளையின் பரப்பில் 0.62இலிருந்து 0.64 வரைதான். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெர்னியர் இருந்தால் அளக்கவும் செய்யலாம். லேபில் பத்தடி தூரத்தில் நடக்கிற விஷயம், ஆனால் பலர் தலையைத் திருப்பி அந்தத் தாரையைப் பார்ப்பதே இல்லை, கண் முழுக்க அழுத்தம் காட்டும் மானோமீட்டரில் இருக்கும். நீளமான ஒரு பிளவின் வழியே வரும் தாரைக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே கிர்க்காஃப் கணக்குப் போட்டுவிட்டார்: π (பை) என்ற எண்ணை, அதோடு 2 கூட்டினால் வருவதால் வகுத்தால் 0.611. உராய்வே இல்லாத, கற்பனையான தண்ணீருக்கும் இதுதான். அப்படியென்றால் இந்த எண்ணைத் தருவது விளிம்பின் கூர்மை.

இப்போது அந்த 0.71க்கு வருவோம். விளிம்பு கூர்மையாக இருந்தால் 0.62. விளிம்பை நன்றாக வளைத்து, தண்ணீருக்கு வழிகாட்டினால் அதே துளை 0.97, 0.98 வரை போகும். அப்படியானால் வாங்கிப் பல வருடமாகி, பாசி படிந்து, சுத்தம் செய்யும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஒரு தட்டில் 0.71 வருவதில் என்ன அதிசயம்? தட்டைக் கழற்றி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள் என்று சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி அப்படித் தடவிப் பார்த்துவிட்டு, "சார், ஒரு பக்கம் மழுங்கியிருக்கு" என்றார். "ஏன்மா, அதையே எழுது" என்றேன். அவர் ரெக்கார்டில் 0.71 என்று எழுதி, கீழே காரணத்தையும் எழுதினார். அந்த செமஸ்டரில் எனக்குப் பிடித்த ரெக்கார்டு அதுதான். இதே காரணத்தால்தான் தொழிற்சாலைக் குழாய்களில் ஆரிபிஸ் மீட்டர் போட்டிருக்கும் இடங்களில் அவ்வப்போது தட்டைக் கழற்றி விளிம்பைப் பார்க்கிறார்கள். விளிம்பு மழுங்கினால் மீட்டர் குறைவாகக் காட்டும், விற்பவருக்கு நஷ்டம்.

வெஞ்சுரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெஞ்சுரி என்ற இத்தாலியர் 1797இல் குறுகி விரியும் குழாயைப் பற்றி எழுதினார், அமெரிக்கரான ஹெர்ஷல் 1880களின் கடைசியில் அதை மீட்டராக்கி வெஞ்சுரியின் பெயரையே வைத்தார். அங்கே தாரை மெலிவதற்கு இடமே இல்லை, குழாயே மெலிந்து கொடுக்கிறது, அதனால் 0.97. அவ்வளவுதான்.

சரி, அளப்பது பற்றி. இதை யாரும் பாடமாக நடத்துவதில்லை, ஆனால் லேபின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நம் கையில் இருப்பது வெளியே வரும் தண்ணீரைப் பிடிக்கும் கலெக்டிங் டேங்க், அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பாதரச மானோமீட்டர். தண்ணீர் 10 செ.மீ. ஏற எவ்வளவு நேரம் என்று பார்க்கிறோம். வால்வை முழுதாகத் திறந்தால் 8 விநாடியில் ஏறிவிடும். பட்டனை அழுத்துவதில் முன்னே பின்னே கால் விநாடி போனால் அதிலேயே 3 சதவீதம் போச்சு. 20 செ.மீ. ஏற விட்டு அளந்தால் அந்தப் பிழை பாதியாகும். "மேனுவலில் 10 செ.மீ. என்றுதான் சார் போட்டிருக்கு" என்பார்கள். மேனுவல் எழுதியவர் உங்கள் டேங்கைப் பார்க்கவில்லை! டேங்கில் இடம் இருந்தால் 20 எடுங்கள், 30 எடுங்கள்.

மானோமீட்டர் இன்னும் மோசம். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம், இரண்டு பக்கமும் மேலே தண்ணீர் நிற்பதால் வித்தியாசத்தை 12.6ஆல் பெருக்குகிறோம். அதாவது பாதரசத்தில் 1 செ.மீ. தவறாகப் படித்தால் தண்ணீரில் 12.6 செ.மீ. தவறு. குழாயை மானோமீட்டரோடு இணைக்கும் பிளாஸ்டிக் டியூபில் ஒரு காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் ரீடிங் அங்கே இங்கே ஆடிக்கொண்டே இருக்கும், அல்லது ஆடாமல் அசையாமல் பொய் சொல்லும். இரண்டாவதுதான் ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, எந்த ரெக்கார்டிலும் இல்லாத வழி: பம்ப் ஓடட்டும், வெளியே போகும் வால்வை முழுதாக மூடிவிடுங்கள். ஓட்டம் சுழி (பூஜ்யம்). இரண்டு பக்கப் பாதரசமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? காற்று இருக்கிறது, வென்ட் காக்கைத் திறந்து தண்ணீரோடு வெளியேற்றுங்கள். ஆனால் மெதுவாக, இரண்டு பக்கத்தையும் சேர்த்து. ஒரு பக்கத்தை மட்டும் சட்டென்று திறந்தால் பாதரசம் வெளியே கொட்டிவிடும், அது விஷம், அறைக்குள் ஆவியாகும், துடைப்பத்தால் கூட்டித் தள்ளும் பொருள் இல்லை. என்னைக் கேட்டால் எல்லா லேபிலும் டிஜிட்டல் பிரஷர் கேஜுக்கோ தலைகீழ் மானோமீட்டருக்கோ மாறிவிடுவது நல்லது.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை, வி-நாட்ச். ஒரு தகட்டில் 90 டிகிரியில் வெட்டிய முக்கோணம், அதன் வழியே தண்ணீர் வழிகிறது, அவ்வளவுதான் கருவி. பெல்ஃபாஸ்ட்டில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் தாம்சன் 1860களை ஒட்டி இதை அளந்து எழுதினார், கெல்வின் பிரபுவின் அண்ணன் இவர். தண்ணீர் மட்டம் முக்கோண நுனியிலிருந்து எவ்வளவு உயரமோ, அதன் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப ஓட்டம் மாறும். 5 செ.மீ. உயரத்தில் விநாடிக்கு 0.78 லிட்டர், 10 செ.மீ. உயரத்தில் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கு, தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல். இதை வாய்ப்பாடாகப் படிப்பது வேறு, வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தவுடன் மட்டம் ஒரு விரல் அளவு ஏற கலெக்டிங் டேங்க் திடீரென்று மளமளவென நிரம்புவதைப் பார்ப்பது வேறு.

இந்த இரண்டரை அடுக்கு அளப்பவரையும் சோதிக்கும். 5 செ.மீ. உயரத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் உயரத்தில் 2 சதவீதம், ஓட்டத்தில் 5 சதவீதம். அந்த 1 மில்லிமீட்டர் பெரும்பாலும் தவறுவது எங்கே தெரியுமா? தண்ணீர் ஓடும்போது எடுக்கும் ரீடிங்கில் இல்லை, தொடக்கத்தில் எடுக்கும் சுழி ரீடிங்கில். தண்ணீரை நுனி வரை நிரப்பி, வழிவது நின்றதும் மட்டத்தை எடுக்கச் சொல்வார்கள். ஆனால் பரப்பு இழுவிசையால் தண்ணீர் நுனிக்கு மேலேயும் கொஞ்சம் நின்றுகொண்டிருக்கும், வழியாது. அதைச் சுழி என்று எடுத்தால் எல்லா ரீடிங்கும் ஒரே அளவு பிசகும். பிழை எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதால் பெரிய ஓட்டத்தில் தெரியாது, சின்ன ஓட்டத்தில் கோஎஃபிஷியண்ட் ஏறிக்கொண்டே போகும். 0.60, 0.61, 0.63, 0.70 என்று ஒரு பட்டியல் வந்தால் 0.70ஐ அடித்துவிட்டு சராசரி போடாதீர்கள், உங்கள் சுழியைச் சந்தேகப்படுங்கள். சுழி சரி என்றால் தகட்டின் முன்னால் போய்க் குனிந்து பாருங்கள், ஓட்டம் குறைவாக இருக்கும்போது தண்ணீர் தகட்டை விட்டுத் தள்ளி விழாமல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வழியும். அப்போது வாய்ப்பாடே பொருந்தாது, அதனால்தான் ரொம்பக் குறைந்த உயரத்தில் வி-நாட்சை நம்பக் கூடாது என்கிறார்கள்.

நாட்ச் என்றவுடன் பிள்ளைகளிடம் ஏரிக் கலிங்கைப் பற்றிக் கேட்பேன். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு உடனே பிடிபடும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலிங்கு பாய்வதைப் பார்த்திருப்பார்கள், நட்டு வைத்திருக்கும் கற்களுக்கு நடுவே பலகை போட்டு ஏரியின் கொள்ளளவைக் கூட்டுவதைக் கேட்டிருப்பார்கள். அது அகலமான முகடு கொண்ட வழிவாய், உயரத்தின் ஒன்றரை அடுக்குப்படி ஓடும். கலிங்கின் நீளத்தையும் மேலே ஓடும் தண்ணீரின் உயரத்தையும் அளந்தால் ஏரியிலிருந்து விநாடிக்கு எத்தனை கன மீட்டர் போகிறது என்று ஏறத்தாழ சொல்லிவிடலாம். லேபில் முக்கால் மணி நேரம் தகட்டோடு மல்லுக்கட்டிய பிள்ளை கரையில் நின்று அந்தக் கணக்கைப் போடும்போது, "இது ஒரு பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும்" என்று தானாகவே சொல்லும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் லேப்.

குழாய் உராய்வுச் சோதனையில் வேறு மாதிரி ஒரு அநியாயம் நடக்கிறது. டார்சி-வைஸ்பாக் வாய்ப்பாட்டில் அழுத்த இழப்பு வேகத்தின் இரண்டாம் அடுக்கு என்று இருக்கிறது. லாக் தாளில் கோடு போட்டால் சாய்வு 2 வர வேண்டும் என்று நினைக்கிறார்கள், 1.8 வந்தால் கோட்டை ஸ்கேலால் கொஞ்சம் நிமிர்த்திவிடுகிறார்கள். அந்த 1.8தான் உண்மை! வழவழப்பான குழாயில் உராய்வு எண் வேகத்தோடு மெல்லக் குறைகிறது, பிளாசியஸ் 1913இல் சொன்னபடி பார்த்தால் சாய்வு 1.75தான் வரும். சொரசொரப்பான பழைய ஜிஐ குழாயில் 2ஐ நெருங்கும். ஆக, சாய்வைப் பார்த்தாலே குழாயின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும், அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்கேலால் நிமிர்த்திய கோட்டில் அந்தச் செய்தி அழிந்துபோகிறது.

இன்னொன்று, தண்ணீரின் வெப்பநிலை. அட்டவணையில் 20 டிகிரிக்கு உள்ள பிசுக்குமையை (விஸ்காசிட்டி) எடுத்துப் போட்டுவிடுகிறோம். நம் ஊரில் ஏப்ரல் மாதத்தில் சம்ப்பில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், 30 டிகிரிக்கு மேல் காட்டும். 30 டிகிரியில் தண்ணீரின் பிசுக்குமை 20 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஓட்டம் அமைதியானதா கலக்கமானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் அதற்கு ஏற்பக் கூடிவிடும். தெர்மாமீட்டர் ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை.

ரெனால்ட்ஸ் என்றதும் அவருடைய கருவியைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1883இல் மான்செஸ்டரில் அவர் செய்தது மிக எளிமையானது: தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் வாயில் மெல்லிய சாயக் கோடு. மெதுவாக ஓடும்போது கோடு நூல் பிடித்ததுபோல் நேராக வரும், வேகம் ஒரு அளவைத் தாண்டினால் கலைந்து குழாய் முழுக்கச் சாயமாகிவிடும். ரெனால்ட்ஸ் எண் 2000, 2300இல் கோடு கலையும் என்று நாம் படிக்கிறோம். அவரோ தண்ணீரை நெடுநேரம் அசையாமல் வைத்திருந்து, குழாய் வாயை நன்கு வளைத்து, 12,000க்கும் மேலே வரை கோட்டைக் கலையாமல் கொண்டுபோனார். ஆக 2000 என்பது சுவர் இல்லை, அதற்குக் கீழே எந்தக் கலக்கமும் தானாகவே அடங்கிவிடும் என்பதுதான் அதன் பொருள். மேலே போனால் தொட்டியை யார் தட்டினார்கள், பக்கத்தில் பம்ப் ஓடுகிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. எங்கள் லேபில் அடுத்த மேசையில் பெல்டன் வீல் (தண்ணீர்த் தாரையால் சுழலும் டர்பைன்) ஓடினால் சாயக் கோடு முன்கூட்டியே ஆடத் தொடங்கிவிடும். பிள்ளைகள் அதை நிறுத்திவிட்டு ரீடிங் எடுக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டையும் எடுங்கள், ஓடும்போது ஒன்று, நிறுத்தியபின் ஒன்று, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள் என்பேன்.

பம்ப் சோதனைக்கு வந்தால் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் எனக்கே சொல்லித் தருவார்கள். பிரைமிங் என்றால் என்ன என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறவர் ஒரு பக்கம், "புட்வால்வு லீக் சார், மோட்டார் காத்து வாங்குது" என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர் இன்னொரு பக்கம். காற்று மண்டல அழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர்தான் மேலே தள்ளும், உராய்வும் ஆவியழுத்தமும் போக நடைமுறையில் 7 மீட்டர் பக்கம்தான் உறிஞ்ச முடியும். கொங்குப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கினார்களே, அது இந்த 7 மீட்டருக்காகத்தான். லேபில் உறிஞ்சு குழாயின் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வேக்குவம் கேஜைப் பார்த்தால் அது ஏறும், ஒரு கட்டத்தில் பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம் வரும், ஓட்டம் விழும். சில விநாடிதான் காட்டுவேன், அதிக நேரம் விட்டால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் அரித்துப்போகும். ஒருமுறை கேட்டவர்கள் அந்தச் சத்தத்தை எந்த ஊர் மோட்டாரிலும் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

கடைசியாக ஃப்ளூம். கண்ணாடிப் பக்கச் சுவர் உள்ள நீண்ட வாய்க்கால், பல கல்லூரிகளில் இல்லை, இருக்கிற கல்லூரிகளிலும் பூட்டி வைத்திருப்பார்கள். அதில் மதகுக்குக் கீழே 2 செ.மீ. ஆழத்தில் விநாடிக்கு 1.77 மீட்டர் வேகத்தில் பாயும் தண்ணீர், ஃப்ரூட் எண் (ஓட்டத்தின் வேகத்தை அலையின் வேகத்தோடு ஒப்பிடும் எண்) 4, திடீரென்று எழும்பி 10 செ.மீ.க்குச் சற்று அதிகமான ஆழத்துக்குப் போய் அமைதியாகிவிடும். வரும்போது இருந்த ஆற்றலில் 39 சதவீதம் அந்தச் சின்ன நுரைக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. அணைகளுக்குக் கீழே கான்கிரீட் தளம் கட்டி இந்த எழுச்சியை அங்கேயே பிடித்து வைக்காவிட்டால் அந்த ஆற்றல் ஆற்றுப் படுகையைத் தோண்டும். திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் அரசின் நீரியல் ஆய்வு நிலையத்தில் அணை, மதகு மாதிரிகளைக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பது இதற்கெல்லாம்தான், புனே பக்கம் கடக்வாஸ்லாவில் உள்ள, 1916இல் தொடங்கிய மத்திய அரசு ஆய்வு நிலையத்திலும் இதைச் செய்கிறார்கள். 25இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் வேகம் ஐந்தில் ஒன்று, ஓட்டம் 3125இல் ஒன்று. விநாடிக்கு 1000 கன மீட்டர் வெள்ளத்தை 320 லிட்டரில் பார்த்துவிடலாம். 3125 எங்கிருந்து வந்தது? 25இன் இரண்டரை அடுக்கு. வி-நாட்சில் பார்த்த அதே இரண்டரை, அதே புவியீர்ப்பு. இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள், இரண்டையும் கையால் அளந்தவர்கள் தாங்களே கண்டுபிடித்து வந்து சொல்வார்கள்.

லேபில் ஒழுங்கான கருவி இல்லை, கூட்டம் அதிகம், வால்வைத் தொடவே விடவில்லை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோ டப்பாவோ எடுத்து, அடிப்பக்கம் 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுங்கள். துளையின் மையத்திலிருந்து 16, 9, 4, 1 செ.மீ. உயரங்களில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் 16இலிருந்து 9க்கும், 9இலிருந்து 4க்கும், 4இலிருந்து 1க்கும் இறங்கும் நேரத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள். டாரிசெல்லி சொன்னது சரியென்றால் மூன்றும் ஒரே நேரம் எடுக்க வேண்டும், ஏனென்றால் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 4, 3, 2, 1 என்று சமமாக இறங்குகிறது. முதல் இரண்டும் நன்றாகப் பொருந்தும். மூன்றாவது கூடுதல் நேரம் எடுத்தால் எண்ணை மாற்றாதீர்கள், துளையை 6 மில்லிமீட்டர் ஆக்கி மறுபடி அளந்து, அந்த வித்தியாசம் குறைகிறதா என்று பாருங்கள்.